புதுக் கொசு வந்திருப்பது எப்படித் தெரியும்?

போன ஐப்பசி மழையின்போது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. யாரோ ஒருவர் கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கொசு, காலெல்லாம் வெள்ளை வளையம். 'ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புதிய வகைக் கொசு மதுரைக்குள் நுழைந்துவிட்டது, எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று கீழே ஒரு வரி. பக்கத்து வீட்டு அக்கா போனைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டார். "ஏம்மா, நீ பயாலஜி சொல்லித் தர்றவதானே, இது நெசமா?"

படத்தில் இருந்தது ஏடிஸ் எஜிப்தி. டெங்குக் கொசு என்று நாம் சொல்வது இதைத்தான். இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பது உண்மை. ஆனால் கப்பல்களில் ஏறி இது நம் நாட்டுக்கு வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதைச் சொன்னதும் அக்காவுக்கு நிம்மதி. போகும்போது திரும்பி நின்று, "சரி, நெசமாவே ஒரு புதுக் கொசு வந்தா நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். வாசலில் நின்றபடி பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாருக்குப் புதிது?

'புதிய வகைக் கொசு' என்று எங்கே படித்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

உலகத்தில் இதுவரை பெயரிட்டு விவரித்த கொசு இனங்கள் 3,500-க்கும் அதிகம். இந்தியாவில் மட்டும் 400-க்கும் அதிகம். மலைக்காட்டில் ஒரு மரப்பொந்துத் தண்ணீரில் காலகாலமாக வாழும் ஒரு கொசுவை இன்றைக்கு ஒருவர் முதன்முதலாக விவரித்தால், அது அறிவியலுக்குப் புதிது. அந்தக் கொசு எங்கிருந்தும் வரவில்லை. நமக்குத்தான் அதைத் தெரியாமல் இருந்தது.

வேறு ஊரில் வாழ்ந்த இனம் மனிதரோடும் சரக்கோடும் பயணப்பட்டு, முன்பு இல்லாத இடத்துக்கு வந்து சேர்வது இன்னொரு வகை. இது இடத்துக்குப் புதிது. இப்படி வந்ததை அயல் இனம் என்பார்கள்.

மூன்றாவது வகையில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். ஓர் இனம் அந்த ஊரில் பல வருடங்களாக இருந்திருக்கும். யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்தவர் எழுதி வைத்திருக்க மாட்டார். முதன்முறையாக ஒருவர் பிடித்துப் பெயர் சொன்னதும் அது பதிவுக்குப் புதிது. 'முதன்முதலாகக் காணப்பட்டது' என்ற வரியை 'முதன்முதலாக வந்தது' என்று படித்துவிடுகிறோம். காண்பது ஒரு நாளில் நடக்கும். வருவது அதற்கு எத்தனையோ வருடம் முன்பே நடந்திருக்கலாம்.

இதற்கு நடுவில் நோயும் வந்து குழப்புகிறது. 2017-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா தொற்று உறுதியானபோது 'ஜிகா கொசு வந்துவிட்டது' என்று பேசினார்கள். ஜிகாவைச் சுமப்பதும் அதே ஏடிஸ் கொசுதான். வைரஸ் புதிது, வாகனம் பழையது.

ஆக, கேள்வியைச் சுருக்கிக்கொள்வோம். நோயை விடுவோம், அறிவியலுக்குப் புதிதானதையும் விடுவோம். முன்பு இங்கே இல்லாத ஓர் இனம் இப்போது இங்கே இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்ல முடியும்?

டீக்கடைக்காரரின் கண்

எங்கள் தெரு முனையில் ஒரு டீக்கடை. விடிவதற்கு முன்பே அடுப்புப் பற்றவைத்துவிடுவார். தெருவில் யாராவது புதிதாகக் குடிவந்தால் இரண்டாம் நாள் காலையில் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் யாரையும் வேவு பார்ப்பதில்லை. அந்தத் தெருவின் அத்தனை முகமும் அவருக்கு மனப்பாடம், அதில் இல்லாத முகம் தானாகவே கண்ணில் படுகிறது. அதே மனிதரை அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் நிறுத்தி, 'இதில் யார் வெளியூர்?' என்று கேட்டால் திகைத்துப் போவார். கண் அதே கண்தான், மனதில் பட்டியல் இல்லை.

கொசு விஷயத்திலும் முதல் வேலை இந்தப் பட்டியல்தான். ஓர் ஊரில் எந்தெந்த இனம், எந்த மாதத்தில், எந்த மாதிரித் தண்ணீரில், எவ்வளவு இருக்கிறது என்ற பதிவை அடிப்படைப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில், அதே முறையில், குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்து அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பதுதான் கண்காணிப்பு. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவதை அந்தப் பெயரால் சொல்ல முடியாது.

மதுரையின் பழகிய முகங்கள் சிலவற்றைப் பார்ப்போம். ராத்திரி காதோரம் ரீங்கரிப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ். சாக்கடையும் செப்டிக் டேங்கும் அதன் வீடு. யானைக்கால் நோயைப் பரப்புவது இது. பகலில் மேசைக்கு அடியில் கணுக்காலைத் தேடி வருவது ஏடிஸ் எஜிப்தி. தண்ணீர் டிரம், கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுரல், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு என்று கொஞ்சம் நல்ல தண்ணீர் இருந்தால் போதும். செடிகொடி அடர்ந்த பக்கம் அதன் உறவுக்காரன் ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது புலிக்கொசு. இரண்டுக்கும் காலில் வெள்ளை வளையம் உண்டு. முதுகைப் பார்த்தால் பிரித்துவிடலாம்: எஜிப்திக்கு யாழ் மாதிரி வளைந்த கோடுகள், புலிக்கொசுவுக்கு நடுவில் நேராக ஒரே வெள்ளைக் கோடு. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுவது அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி, நகர மலேரியாவின் கொசு. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், இதன் கதை பின்னால் வருகிறது.

மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் நெல் வயல்களுக்குப் போனால் ஆட்கள் மாறிவிடுவார்கள். அங்கே க்யூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கடத்துவது. ஆகாயத்தாமரை மூடிய கண்மாய்களில் மேன்சோனியா. அதன் புழு மூச்சு வாங்க மேலே வருவதே இல்லை. செடியின் வேரில் குழலைக் குத்தி அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரை மேலாக மொண்டு பார்ப்பவர் கண்ணில் அது படாது.

இப்படிப்பட்ட பட்டியல் விஷயத்தில் மதுரைக்கு ஒரு பெருமை உண்டு, ஊர்க்காரர்கள் பலருக்கே அது தெரியாது. 1985-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இங்கே மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. சுற்றுவட்டார நெல் வயல்களிலும், பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக் கொட்டில்களிலும் கொசு பிடித்து மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடிய நீண்ட உழைப்பு அங்கே நடந்தது. இப்போது அது புதுச்சேரி மையத்தின் கள நிலையமாக இயங்குகிறது. யாரோ ஒருவர் கொட்டிலில் டார்ச் அடித்து எண்ணி எழுதிய அந்தக் குறிப்புகள் அன்றைக்குச் சாதாரணக் கணக்காகத் தெரிந்திருக்கும். நாளைக்கு ஒரு புது இனம் வந்தால், 'இது முன்பு இங்கே இல்லை' என்று சொல்லும் தைரியத்தைத் தரப்போவது அந்தக் கணக்குதான்.

முட்டை செய்யும் பயணம்

கொசு பறந்து நாடு தாண்டும் என்று நினைக்க வேண்டாம். ஏடிஸ் எஜிப்தி தன் வாழ்நாளில் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு, அவ்வளவுதான்.

தூரம் போவது அதன் முட்டை. ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் புழு வெளியே வரும். இந்த முட்டைக்குத் தோதான வண்டி பழைய டயர். உள்பக்கம் இருட்டு, மழைத் தண்ணீர் தேங்கும், எப்படிக் கவிழ்த்தாலும் முழுசாக வடியாது. ஒரு நாட்டில் கழித்த டயரை இன்னொரு நாட்டுக்கு ரீட்ரேடிங் செய்யக் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஆசியாவின் புலிக்கொசு 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறியிருந்ததைக் கண்டார்கள். பழைய டயர் வழியாகத்தான் அது வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. வீட்டு அலங்காரத்துக்கு வாங்கும் 'லக்கி பேம்பூ' செடிகளோடும் அது பயணம் செய்திருக்கிறது.

வளர்ந்த கொசு விமானத்திலும் வரும். அதனால்தான் பன்னாட்டு விமான நிலையம், துறைமுகம் போன்ற இடங்களில் பயணிகளும் சரக்கும் கையாளப்படும் பகுதியைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் வரை நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேண்டும் என்று பன்னாட்டு சுகாதார விதிகள் சொல்கின்றன.

இதை மதுரைக்குப் பொருத்திப் பாருங்கள். கொழும்புக்கும் துபாய்க்கும் விமானம் போய்வரும் நிலையம் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து லாரிகள் வருகின்றன. மாட்டுத்தாவணிச் சந்தைக்கு எத்தனையோ ஊர்ச் சரக்கு வந்து இறங்குகிறது. பழைய டயர் குவித்திருக்கும் கடைகள் புறவழிச்சாலை நெடுக உண்டு. ஊர் முழுக்கப் பொறி வைக்க யாராலும் முடியாது, இப்படிப்பட்ட வாசல்களில் வைக்கலாம்.

வலைக்கு ஏற்ற மீன்

கண்மாய் வற்றும்போது மீன்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி சுலபமாகப் புரியும். பெரிய கண் வலையில் அயிரை சிக்காது. சிக்கவில்லை என்பதற்காகக் கண்மாயில் அயிரையே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம்.

கொசு பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வலைதான். தண்ணீரை அகப்பையால் மொண்டு புழுவைப் பார்ப்பது ஒரு முறை. கறுப்புக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, உள்ளே சொரசொரப்பான ஒரு பட்டையை நிறுத்தி வைத்தால் ஏடிஸ் அதில் முட்டையிடும். இதற்கு முட்டைப்பொறி என்று பெயர். செலவு குறைவு, ஆனால் சாக்கடைக் கொசுவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சின்ன விளக்கும் மின்விசிறியும் வைத்த விளக்குப்பொறி வெளிச்சத்துக்கு வரும் ராத்திரிக் கொசுக்களை உள்ளே இழுக்கும், பகலில் கடிக்கும் ஏடிஸுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கொட்டிலிலும் வீட்டுச் சுவரிலும் ஓய்வெடுக்கும் கொசுவை டார்ச் அடித்து உறிஞ்சு குழாயால் பிடிப்பது இன்னொரு முறை. பிடிப்பவரின் கையும் கண்ணும் பழகியிருந்தால்தான் அது பலன் தரும்.

எனவே 'தேடினோம், கிடைக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், எதை வைத்துத் தேடினீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. வரக்கூடிய கொசு எது என்று யோசித்து, அதற்கு ஏற்ற வலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பானைச் சோறும் அரிசிக் கல்லும்

எத்தனை கொசு பிடித்தால் போதும்? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழி உடனே நினைவுக்கு வரும். சோறு வெந்திருக்கிறதா என்று பார்க்க அது சரி. பானை முழுக்க ஒரே கொதிதான், ஒரு பருக்கையின் நிலைமைதான் மற்றதற்கும். ஆனால் அரிசியில் கல் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பீர்களா? முறத்தில் கொட்டிப் புடைப்போம். அரிதான ஒன்றைத் தேட நிறைய அரிசியைப் பார்த்தாக வேண்டும்.

புதிதாக வந்த கொசு அந்தக் கல் மாதிரி. ஆயிரம் கொசுவில் ஒன்றுதான் புது இனம் என்று வைத்துக்கொள்வோம், பொறி எல்லா இனத்தையும் ஒரே மாதிரி பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 100 கொசு பிடித்தால் அதில் ஒன்றாவது புதியதாக இருக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். 1,000 பிடித்தால் 63 சதவீதம். 95 சதவீதம் வேண்டுமென்றால் 3,000 பிடிக்க வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் ஒரு சுலபமான கணக்கு கிடைக்கிறது. மூன்றை, நீங்கள் பார்த்த எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். 300 கொசுவைப் பார்த்தும் புதியது ஒன்றுகூட இல்லையென்றால், 3 வகுத்தல் 300, அதாவது நூற்றில் ஒன்று. 'புது இனம் இருந்தால்கூட அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான்' என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 'இல்லவே இல்லை' என்று சொல்ல முடியாது. எத்தனை பிடித்தாலும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. இருந்தால் எவ்வளவு குறைவாக இருக்கும் என்ற எல்லையைத்தான் சுருக்கிக்கொண்டே போகலாம்.

இதுவரை பார்த்தது மூன்று விஷயம். பழகிய முகங்களின் பட்டியல் கையில் வேண்டும். வாசலில், ஏற்ற வலையோடு தேட வேண்டும். ஒன்றிரண்டு பிடித்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது.

முகமும் ரேகையும்

பிடித்ததை இன்னது என்று சொல்வது அடுத்த வேலை. முதலில் முகம் பார்ப்பார்கள். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இறக்கையில் புள்ளி இருக்கிறதா, காலில் வளையம் எங்கே, முதுகில் செதில்கள் எந்த நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். 'ஆம் என்றால் ஐந்தாம் கேள்விக்குப் போ, இல்லையென்றால் எட்டுக்குப் போ' என்று வழிகாட்டும் அச்சடித்த கேள்வி வரிசைக்கு இனங்காண் விசை என்று பெயர்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்தந்த நாட்டுக்கு என்று எழுதிய விசையில் அந்த நாட்டு இனங்கள் மட்டுமே இருக்கும். வெளியிலிருந்து வந்த கொசுவை அதில் வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் உள்ளூர்ப் பெயர் ஒன்றில்தான் போய் நிற்கும். புதியவருக்குப் பழைய ஆளின் பெயரைச் சூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 'எந்தப் பெயரும் சரியாகப் பொருந்தவில்லையே' என்று ஒரு நொடி தயங்குபவர்தான் கண்டுபிடிப்பார். அந்தத் தயக்கம் பல வருடம் பழகிய கண்ணுக்கு மட்டுமே வரும். அப்படிப்பட்ட கண் உள்ளவர்கள் ஓய்வு பெறும்போது அவர்கள் இடத்துக்கு ஆள் வராவிட்டால், எந்த இயந்திரத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது என்றே நினைக்கிறேன்.

முகத்தில் சந்தேகம் வந்தால் ரேகை. ஆதாருக்குக் கைரேகை வைப்பது மாதிரி, கொசுவுக்கு டிஎன்ஏ பார்கோடு. எல்லா விலங்கிலும் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து, ஏற்கெனவே சேர்த்துவைத்த துண்டுகளோடு ஒப்பிடுவார்கள். கொசுவின் ஒரு கால் போதும், உடம்பைப் பத்திரமாக எடுத்துவைக்கலாம். ரேகைப் பெட்டகத்தில் அந்த இனம் முன்பே பதிவாகியிருந்தால்தான் பெயர் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் முகம் பார்ப்பவரும் ரேகை பார்ப்பவரும் சேர்ந்துதான் முடிவு சொல்ல வேண்டும்.

நம் மாடித் தொட்டிக் கொசு, மன்னாரில்

இனி அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. நமக்குப் பழகிய முகமான இந்தக் கொசு வேறு இடங்களில் அயல் இனம். இந்தியாவும் அதற்கு மேற்கே அரேபியா வரையும் இதன் பழைய எல்லை.

2012-ல் செங்கடலின் வாயில் உள்ள ஜிபூட்டி என்ற சின்ன நாட்டில் இதைக் கண்டார்கள். அந்த வருடம் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர்தான். 2020-ல் 70,000-க்கும் மேல். இந்தக் கொசுவின் வருகை அதற்கு முக்கியக் காரணம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசுக்கள் பெரும்பாலும் கிராமத்துக் குட்டைகளை நம்பியவை, மழை ஓய்ந்தால் அடங்கிவிடும். ஸ்டீபன்சிக்கு நகரத்துத் தண்ணீர்த் தொட்டி போதும். கோடையில் மக்கள் தண்ணீரைச் சேமிக்கச் சேமிக்க அதற்கு வசதி கூடும்.

எத்தியோப்பியாவில் 2016-ல் ஓர் ஊரில் இது பிடிபட்டது. அதன்பின் மற்ற ஊர்களிலும் குறிப்பாக இதையே தேடிப் போனபோது, பல இடங்களில் இது ஏற்கெனவே குடியிருந்தது தெரிந்தது. அங்கெல்லாம் முன்பு கொசு ஆய்வே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வழக்கமாகப் பார்த்தது தரையில் தேங்கிய குட்டைகளை, வழக்கமாக வைத்தது விளக்குப்பொறி. ஸ்டீபன்சி விளக்குப்பொறிக்குச் சரியாக வராது, குட்டையை விடத் தொட்டியைத்தான் நாடும். வலைக்கு ஏற்ற மீன் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இப்போது நமக்குப் பக்கத்தில் பார்ப்போம். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் ராமேஸ்வரம். தனுஷ்கோடிக் கரையில் நின்றால் எதிரே சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 2012-க்குப் பின் சில வருடங்களாக இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லாமல் இருந்தது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பொதுவாக எல்லா நாட்டிலும் ஆட்களைக் குறைப்பார்கள், பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவார்கள். இலங்கைக் களப்பணியாளர்கள் கொசு பிடிப்பதை நிறுத்தவில்லை. அதே வருடம் டிசம்பரில், வழக்கமான கணக்கெடுப்பின்போதே, மன்னாரில் ஸ்டீபன்சியைப் பிடித்தார்கள். அங்கே வீட்டுக் கிணறுகளில் அதன் புழுக்கள் இருந்தன. இலங்கையில் அதற்கு முன் இந்த இனம் பதிவானதே இல்லை.

உள்ளூரில் நோய் தொற்றியவர் யாரும் இல்லாத நிலையில் கொசுவைக் கண்டுபிடித்தது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஜிபூட்டிக்குக் கிடைக்காத அவகாசம் மன்னாருக்குக் கிடைத்தது. தினமும் ஒரே மாதிரிக் கொசுவைப் பிடித்து, ஒரே மாதிரி எண்ணி எழுதிச் சலித்துப் போகாமல் இருந்த யாரோ சிலரால் கிடைத்தது.

வந்தது, தங்கியது, பரவியது

ஒரு கொசு பிடிபட்டால் உடனே 'குடியேறிவிட்டது' என்று சொல்லக் கூடாது. விமானத்தில் வந்த ஒற்றைக் கொசு இரண்டு நாளில் சாகலாம். தங்கியது என்று சொல்ல, அங்கேயே முட்டையிட்டுப் புழுவாகி வளர்வதைக் காண வேண்டும். அதிலும் அந்த ஊரின் கடுமையான பருவத்தைத் தாண்டி அடுத்த வருடமும் காண வேண்டும். நமக்கு அந்தக் கடுமையான பருவம் சித்திரை, வைகாசி வெயில். ஐஸ்லாந்துக்குப் பனிக்காலம். கொசுவே இல்லாத நாடு என்று பெயர் பெற்றிருந்த ஐஸ்லாந்தில் 2025 அக்டோபரில் மூன்று கொசுக்களைப் பிடித்தார்கள், இரண்டு பெண், ஒரு ஆண். அந்துப்பூச்சி பார்ப்பதற்காகப் பொறி கட்டி வைத்திருந்த ஒரு ஊர்க்காரர் கண்ணில்தான் அவை பட்டன.

சீக்கிரம் கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்பதற்குப் பிரேசில் சாட்சி. 1930 மார்ச்சில் நடால் என்ற துறைமுக நகரத்தில் ரேமண்ட் ஷானன் என்ற பூச்சியியலாளர், ஆப்பிரிக்காவின் கொடிய மலேரியாக் கொசுவின் புழுக்களைக் கண்டார். அப்போது அது ஒரே நகரத்தின் ஒரு மூலையில்தான் இருந்தது. நகரத்தில் ஓரளவு ஒடுக்கியதும் கவனம் தளர்ந்தது. கொசு சத்தமில்லாமல் கடற்கரையோரமாக நகர்ந்துகொண்டே போனது. 1938-ல் வந்த மலேரியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ஃபிரெட் சோப்பர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் வீடு வீடாக, குட்டை குட்டையாகத் தேடி, 1940 முடிவதற்குள் அந்த இனத்தை அங்கிருந்து முழுசாக அகற்றினார்கள். அயல் கொசுவை விரட்டவும் முடியும் என்று அப்போது தெரிந்தது. எட்டு வருடம் முன்பே ஒரு மூலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

நம் வீட்டு வாசலில்

மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்து டிரம்மையும் தொட்டியையும் பார்த்து, புழு இருந்தால் கொட்டிவிட்டு அபேட் மருந்து ஊற்றிப் போகும் பணியாளர்களை எல்லோரும் பார்த்திருப்போம். வாசலிலேயே நிறுத்தி 'எங்க வீட்ல ஒண்ணும் இல்லை' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து உள்ளே விடுங்கள். அவர்கள் வேலை புழுவை அழிப்பது, இனம் பிரிப்பது அல்ல. அதனால் என் ஆசை ஒன்றுதான்: கொட்டுகிற பத்துத் தொட்டியில் ஒரு தொட்டிப் புழுவையாவது ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்து, பேர் சொல்லத் தெரிந்தவரிடம் சேர்க்கும் பழக்கம் எல்லா ஊரிலும் வர வேண்டும்.

நாமும் பார்க்கலாம். புழு தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாஃபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் க்யூலெக்ஸ் அல்லது ஏடிஸ். ஸ்பெயினில் பொதுமக்கள் போனில் எடுத்து அனுப்பும் கொசுப் படங்களைப் பார்க்க நிபுணர்கள் இருக்கிறார்கள். 2018-ல் அந்த நாட்டில் அதுவரை இல்லாதிருந்த ஏடிஸ் ஜப்பானிகஸ் என்ற இனம் அப்படி வந்த ஒரு படத்திலிருந்துதான் தெரியவந்தது.

வித்தியாசமான ஒரு கொசு கண்ணில் பட்டால் கையால் அடித்து நசுக்கிவிடாதீர்கள், செதில் உதிர்ந்தால் முகம் போய்விடும். சின்ன டப்பாவால் மூடிப் பிடித்து, ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு டிஷ்யூ பேப்பர் விரித்த காய்ந்த டப்பாவுக்கு மாற்றி, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்கோ சுகாதார அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். டப்பாவின் மேல் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: என்றைக்கு, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது பிடித்தது.

அக்காவின் போனில் வந்த படத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. யார் கை, எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு அனுப்பியவருக்கே எழுதினேன். அவருக்கும் வேறு யாரோ அனுப்பியதாம். இந்த மழைக்கு அக்கா தன் மாடியில் ஒரு கறுப்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பட்டை வைத்திருக்கிறார். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை பட்டையை எடுத்து, தேதியைப் பென்சிலில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை வெயிலில் சுட்ட தரையில் கொட்டிவிட்டுப் போகிறார். இதுவரை எட்டுப் பட்டை. பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். எட்டிலும் ஒட்டியிருப்பது ஏடிஸ் முட்டை. எஜிப்தியா, புலிக்கொசுவா என்று முட்டையைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. மூடிய டப்பாவில் பொரிக்க வைத்து வளர்ந்த கொசுவின் முதுகைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு டப்பாவிலும் வந்தது யாழ் கோடு.